முயலுக்குத் தைத்த பனியன்

டைலருக்குத் திமிர் ஆகாது. எனக்கு அது நிறையவே இருந்தது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் எங்கள் முதல் குழந்தை பிரசவத்திலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு என் மனைவி நஞ்சம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், கூப்பிட்டால் திரும்புவாள், அவ்வளவுதான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஊத்துக்குளியில் முயல் வளர்த்த வெள்ளியங்கிரியிடம் ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

"இது குட்டி போடுமாங்க?" என்றாள். மூன்று மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"பெட்டைக்கு வயசு இப்பத்தான் நாலு மாசம் ஆகுது, புள்ள. இப்பவே சினை புடிச்சுக்குமாம், ஆனா ஒடம்பு தாங்காதாம். ஆறு மாசம் முடியட்டும்னு வெள்ளியங்கிரி சொன்னாப்ல."

அவள் காத்திருந்தாள். ஆறு மாதம் முடிந்ததும் பெட்டையை ஆண் முயலின் கூண்டில் விட்டு எடுத்தாள். சினை முப்பது நாள். தினமும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டாள். குட்டி போடுவதற்கென்று ஒரு பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்தாள். பக்கத்து வீட்டாரிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் பெட்டை தன் மார்பு மயிரை வாயால் பிடுங்கிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர் வேறு.

"சொறி புடிச்சிருச்சாட்ட இருக்குது. இப்பிடியே உட்டா குளுருல செத்துப் போயிரும்" என்றேன். கம்பெனியில் மிஞ்சிய துணி வெட்டுத்துண்டு எடுத்துவந்து, முன்னங்கால்களுக்கு ஓட்டை விட்டு, இறுக்கமாக ஒரு பனியன் தைத்து மாட்டினேன். முயல் பனியனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நஞ்சம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னும் நூறு பனியன் தைக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பெட்டியில் ஆறு குட்டிகள். ரோமமே இல்லாத, விரல் நீளக் குட்டிகள். ஆறும் விறைத்துக் கிடந்தன. பெட்டை பனியனைக் கடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. துணி கிழியவில்லை. அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தேன்.

நஞ்சம்மாள் கத்தரியால் பனியனை வெட்டி எடுத்தாள். உடனே முயல் வயிற்று மயிரைக் கொத்துக்கொத்தாகப் பிடுங்கிச் செத்த குட்டிகள்மேல் போட்டு மூடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொறியும் இல்லை, ஒன்றும் இல்லை. குட்டிகளுக்கு மெத்தை போடத்தான் நேற்றே பிடுங்கியிருக்கிறது.

"தெரியாமச் செஞ்சுட்டேன் புள்ள."

அவள் என்னைத் திட்டவில்லை. முயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்காச்சும் குட்டிகள மூடக் கெடைச்சுதுங்க" என்றாள். "நம்ம கொழந்தைய நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள பொதைக்கக் கொண்டு போயிட்டீங்க. மூஞ்சியக்கூட நான் பாக்கலீங்க."

கொண்டுபோனது நான்தான். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அன்றும் நானேதான் முடிவு செய்தேன்.