ஒரே தட்டில் இரண்டு பேர்

மருமகள் ஹப்சா வயிற்றில் இரட்டை என்றதும் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை சர்புதீனுக்குக் கடைவீதி கொள்ளாத பெருமை. அவளுக்கோ டாக்டர் சொன்னதே காதில் நின்றது: இரண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி, ஒன்றின் ரத்தத்தை இன்னொன்று இழுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்கேன் பார்த்தே ஆகவேண்டும்.

"போன ஸ்கேன்லதான் நல்லாயிருந்துச்சே, மறுபடி இன்னாத்துக்கு?" என்றார் மாமனார். தம்பி அன்சரோடு ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாங்களும் சின்ன வயசுலேர்ந்து இப்படித்தாம்மா பங்கு போட்டுக்கினு சாப்புடறோம். நம்ம வம்சத்துல ஒத்துமை ஜாஸ்தி."

ஹப்சா தட்டைப் பார்த்தாள். கறியெல்லாம் மாமனார் பக்கம். அன்சர் பக்கம் ஏலக்காய்.

"அதான் மாமா எனக்குப் பயமே. உங்க ஒடம்பயும் பாருங்க, சின்ன மாமா ஒடம்பயும் பாருங்க."

சர்புதீனின் கை கறித்துண்டோடு நின்றது. அன்சர் எழுந்து கை கழுவினார்.

"வாம்மா, ஸ்கேனுக்கு நான் கூட்டிக்கினு போறேன். அண்ணன் மெதுவா சாப்புடட்டும்."