கொசுறு ஆட்டக்காரன்

ஃபெலிபெர்த்தியின் பாத எலும்பை உடைத்தது எதிரணிக்காரன் இல்லை. அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த அபிமாயேல் கின்யோனெஸ்தான்.

போர்த்தோ ரீக்கோ கூடைப்பந்து லீக்கின் அரையிறுதி ஆட்டம். சலீனாஸ் ஊர் அணியான கூழைக்கடாக்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பாதி மைதானத்திலிருந்து அவர்களுடைய நட்சத்திரம் ஃபெலிபெர்த்தி வீசிய பந்து வலையைக்கூட அசைக்காமல் கூடைக்குள் இறங்கியது. மேலே பார்வையாளர் வரிசையில் கைப்பறைக்காரர்கள் பறையைக் கிழித்தார்கள். பெஞ்சின் கடைசி நாற்காலியில் இருந்த அபிமாயேல், அந்த சீசன் முழுக்கத் தான் செய்துவந்த ஒரே வேலையைச் செய்தான்: துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு எகிறினான். ஆறடி எட்டங்குல உடம்பு, அதுவும் முப்பத்தைந்து வயது உடம்பு, மேலே போகும்போது எங்கே இறங்குவது என்று யோசிப்பதில்லை. பெஞ்சை ஒட்டித் திரும்பி ஓடிவந்த ஃபெலிபெர்த்தியின் இடது பாதத்தின்மேல் அது இறங்கியது.

பறைச் சத்தம் நின்றது. நட்சத்திரத்தைத் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். மிச்ச நேரத்தில் கூழைக்கடாக்கள் அடக்கமாகத் தோற்றார்கள்.

மறுநாள் காலை ரொட்டிக் கடைக்காரர் அபிமாயேலின் தலையைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டார்.

“வாப்பா கின்யோனெஸ்! இந்த வருஷம் ஃபெலிபெர்த்தியை ஒரு பயலாலயும் நிறுத்த முடியல. நீ பெஞ்சுல உக்காந்தபடியே நிறுத்திட்டியே!”

“எனக்குக் கிடைக்கிற நிமிஷம் கம்மி, முதலாளி. கிடைச்சதை வீணாக்க மாட்டேன்.”

கடை முழுக்கச் சிரித்தது. அபிமாயேலும் சிரித்தான். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தான். வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசைமேல் வைத்தான். சாயங்காலம் வரை அது வைத்த இடத்திலேயே இருந்தது.

ஒன்பது வருஷமாக அவன் நிலை இதுதான். ஃபெலிபெர்த்தி பத்தொன்பது வயதுப் பொடியனாகவும் அவன் இருபத்தாறு வயதுக் காளையாகவும் இருந்தபோது, இருவரும் ஒரே நாளில், ஒரே ஏஜென்டின் மேசையில் கூழைக்கடாக்களுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஏஜென்ட் நெஸ்தோர் இரிசாரி அன்றைக்கு அபிமாயேலைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டு, தன் வழக்கப்படி செல்லமாக ‘பாப்பி’ என்றே அழைத்துச் சொன்னான்: “அந்தப் பையன்மேல அணி முதலாளி தோன்யா மிக்தாலியாவுக்குப் பைத்தியம், பாப்பி. உன்னையும் சேர்த்து எடுத்துக்கங்கன்னு நான் கால்ல விழுந்தேன். சம்பளத்தைப் பாக்காத. உள்ள போயிடு.”

அபிமாயேல் சம்பளத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறமும் பார்க்கவில்லை. ஃபெலிபெர்த்தி வளர்ந்து நட்சத்திரமானான். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், வண்டிக்காரன் வாழைக்காயோடு ஒரு கொத்து மல்லியைச் சும்மா திணிப்பதுபோல, அபிமாயேலின் பெயரும் கூடவே வந்தது. “நான் கொசுறு” என்று அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மற்றவர்கள் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் வலி பாதி என்று ஒரு கணக்கு. மீதிப் பாதியைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை.

ஆனால் சீசன் முடிந்ததும் அந்த மீதிப் பாதி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட ஆடியவர்கள் நிகராகுவாவுக்கும் மெக்சிகோவுக்கும் ஆடப் போய்விட்டார்கள். கடற்கரைச் சாலையில், மூடிக் கிடந்த ஒரு தூண்டில் கடைக்கு மேலே அவன் வாடகை வீடு. மனைவி நான்கு வருஷத்துக்கு முன்பே விவாகரத்து வாங்கிக்கொண்டு ஓர்லாண்டோ போய்விட்டாள். அவன் ஒப்பந்தமும் அந்த சீசனோடு முடிந்திருந்தது. இரிசாரிக்கு ஃபோன் போட்டான்.

“கவலையே படாத, பாப்பி. நான் பாத்துக்கறேன்.”

“என்னைப் பத்தி அவங்க என்ன சொன்னாங்க?”

“பேசிட்டிருக்கோம்.”

“என்னைப் பத்தியா?”

“எல்லாரையும் பத்தி.”

“ஒரு தடவை, சும்மா ஒரு பேச்சுக்கு, என் பேரை மட்டும் சொல்லிப் பாரேன், நெஸ்தோர். ஃபெலிபெர்த்தியை விட்டுட்டு.”

“காரை விட்டுட்டு ஸ்டெப்னியை மட்டும் யாராவது விலை கேப்பாங்களா, பாப்பி?”

அபிமாயேல் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல நகைச்சுவைக்கு மரியாதை தருவது அவன் குணம். ஃபோனை வைத்த பிறகுதான் சிரிப்பு நின்றது. நின்றதும் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

ஃபெலிபெர்த்தியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று, இறால் போட்ட குழைந்த சோறு ஒரு சட்டி சமைத்து எடுத்துக்கொண்டு போனான். அந்த வீட்டில் திருவிழாக் கூட்டம். அம்மா, சித்திகள், மாமன் மகன்கள், அவர்கள் கூட்டி வந்தவர்கள். நடுவில் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து நட்சத்திரம் வீற்றிருந்தது.

“எல்லாரும் காலை மடக்கிக்கங்க! பெருசு வந்துடுச்சு!” என்று கத்தினான் ஃபெலிபெர்த்தி.

சித்திகள் உட்பட அத்தனை பேரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். அபிமாயேல் கண்ணிவெடி வயலில் நடப்பவன்போல நுனிக்காலில் நடந்து காட்டினான். கைதட்டல். உட்கார இடமில்லாததால் நின்றபடியே, சத்தத்துக்கு அடியில் கேட்டான்:

“தம்பி, இரிசாரி என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?”

“நீ இல்லாம நானா, பெருசு? அதெல்லாம் ஆயிடும்.” அவன் கண் கைபேசியில் இருந்தது.

“அவன் ஏதாவது சொன்னானான்னு கேட்டேன்.”

“ஆயிடும்னு சொல்றேன்ல?”

அபிமாயேல் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றான். “சட்டியை அப்புறமா வாங்கிக்கறேன்” என்று பெட்டியிடமே சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தான். யாரும் காலை இறக்கவில்லை. அவன் போனது தெரிந்தால்தானே இறக்குவார்கள்.

அந்த வாரமே இரிசாரிக்கு விலகல் கடிதம் கொடுத்தான். புது ஏஜென்டாக அவன் பிடித்த ஆள்தான் ஊரைச் சிரிக்க வைத்தது: வக்கீல் சுல்மா பெர்ரியோஸ். விவாகரத்தில் அவன் மனைவிக்காக வாதாடி, வீடு, வண்டி, படகு, கடைசியில் மிக்ஸி வரை உருவிக்கொண்டு அவனை அனுப்பிவைத்த புண்ணியவதி.

“உங்க மனைவி கேஸ்ல ஏதாவது பாக்கியா?” என்று கேட்டாள் சுல்மா, கண்ணாடியை இறக்கி.

“பாக்கி எதையும் நீங்க விட்டு வைக்கல, வக்கீலம்மா. அதனாலதான் வந்தேன்.”

“அந்த மிக்ஸி விஷயத்துல நான் கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டேன்.”

“எனக்காகவும் அதே மாதிரி அதிகமா போங்க.”

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் பேனாவால் நெற்றியைத் தட்டினாள். “எனக்குக் கூடைப்பந்து தெரியாது. ஒரு பக்கம் எத்தனை பேர்?”

“அஞ்சு பேர் ஆடுவாங்க. நான் அந்த அஞ்சுல இல்ல.”

“சரி. என்ன வேணும் உங்களுக்கு? பணமா, வருஷமா?”

“யாராவது ஒருத்தர், என் பேரைச் சொல்லி, ‘இவன் வேணும்’னு கேக்கணும்.”

“அதை ஒப்பந்தத்துல எந்தப் பத்தியில போடறது?” என்றாள். கேலியாக இல்லை, நிஜமாகவே யோசித்தாள். அதற்காகவே அவளை அவனுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் கூடைப்பந்துக் கழகங்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. கையில் ஒரே ஒரு ஆட்டக்காரனை வைத்திருக்கும் ஏஜென்டின் ஃபோனை எடுக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இரிசாரியின் ஃபோனை எடுக்காவிட்டால் அடுத்த ஃபெலிபெர்த்தி பக்கத்து ஊருக்குப் போய்விடுவான். சுல்மா எல்லாக் கழகத்துக்கும் எழுதினாள். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று சில பதில் வந்தது. ஃபெலிபெர்த்தியின் புது ஒப்பந்தச் செய்தியை அபிமாயேல் பத்திரிகையில் படித்தான். படத்தில் ஊன்றுகோலோடு ஃபெலிபெர்த்தி, பக்கத்தில் பல்லெல்லாம் காட்டும் இரிசாரி, அவன் தோளுக்குப் பின்னால் யாரோ ஒரு நெட்டைப் பையன். இரிசாரியின் இன்னொரு ஆளாம். அணியில் கடைசி நாற்காலி காலியாகத்தானே இருந்தது.

அதற்கப்புறம் காத்திருப்பு. காலையில் ஊர்ப் பொது மைதானத்துக்குப் போவான். பந்தைத் தானே வீசுவான், திரும்பி வரும் பந்தைத் தானே ஓடி எடுப்பான். ஒரு சேவல் மட்டும் எல்லைக் கோட்டில் நின்று வேடிக்கை பார்க்கும். அதுவும் வெயில் ஏறினால் போய்விடும். ஒருநாள் மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. இத்தனை நாள் அந்தச் சத்தம் தனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். புயல் காலம் வருகிறது, தண்ணீர்த் தொட்டி வேண்டுமா என்று ஒரு பெண் குரல். அவன் தொட்டியின் அளவு, நிறம், மூடி, அவள் ஊர், அவள் ஊரில் மழை என்று எல்லாம் விசாரித்தான். அவள் அவனை “கின்யோனெஸ் ஐயா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பேச்சு சுகத்தில் இரண்டு தொட்டி வாங்கிவிட்டான். ஒற்றை ஆளுக்கு.

அக்டோபரில் சுல்மா கூப்பிட்டாள். “தோன்யா மிக்தாலியா பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. கோட்டு போட்டுக்கிட்டு வாங்க. பேச்சை நான் பேசறேன். நீங்க சிரிப்பு காட்டக் கூடாது.”

கூழைக்கடாக்களின் சொந்தக்காரியான தோன்யா மிக்தாலியாவுக்கு ஹார்டுவேர் கடைதான் முதல் தொழில், அணி இரண்டாவது. கழகத்துக்கென்று தனி அலுவலகம் கிடையாது. தண்ணீர்க் குழாய்களுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் நடுவில், ஒரு டப்பாவில் பச்சை பெயின்ட்டைக் குச்சியால் கலக்கியபடி வரவேற்றாள். அபிமாயேலின் கோட்டின் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டிருந்தது.

“வாங்க வக்கீலம்மா. என் மருமக விவாகரத்துக்கும் நீங்கதானே?”

“நான்தான்.”

“என் பையன் இன்னும் எங்க வீட்டு மாடியிலதான் படுத்துக்கறான்.”

“இது வேற விஷயம், தோன்யா. ரெண்டு வருஷம். சம்பளம் முழுசா உத்தரவாதம். நடுவுல நீக்கினாலும் கொடுத்தாகணும்.” சுல்மா காகிதத்தைக் கல்லாமேல் வைத்தாள்.

“பாக்கலாம்.” தோன்யா கலக்கினாள். “கோச் வரட்டும். லீக்காரங்க தேதி சொல்லட்டும். பாக்கலாம்.”

“யாரைக் கேட்டாலும் பாக்கலாம்தான்! பதில்னு ஒண்ணு உண்டா இல்லையா?”

“என்னம்மா அவசரம்? பெயின்ட்டே இன்னும் கலக்கி முடியல.”

அபிமாயேல் பேசக் கூடாது என்றுதான் வந்தான். வாயில் ஒரு நகைச்சுவை தயாராகவும் இருந்தது: ‘என்னையும் ஒரு டப்பாவில் ஊற்றிக் கலக்குங்கள் தோன்யா, ஏதாவது நிறம் வருகிறதா பார்ப்போம்.’ அதைச் சொல்லப் போனவன் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

“தோன்யா, அந்தப் பையனை ஒதுக்கி வச்சிட்டு, எனக்காக மட்டும், யாராவது எப்பவாவது கேட்டதுண்டா?”

குச்சி நின்றது. தோன்யா அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அதற்கு அவள் நிறையவே கழுத்தைத் தூக்க வேண்டியிருந்தது.

“உனக்கு இரிசாரி சொல்லலையா?”

“என்னத்தை?”

“ஒன்பது வருஷத்துக்கு முன்ன குவாயாமாவுல ஒரு ஆட்டம். உன்மேல நாலு பேர் தொங்கறாங்க, நீ நடுவுல கையை நீட்டி, மரத்துல மாங்கா பறிக்கிற மாதிரி பந்தைப் பறிச்சே. அன்னைக்கே இரிசாரிக்கு ஃபோன் போட்டேன். அந்த நெட்டைக் கின்யோனெஸ் எனக்கு வேணும், என்ன விலைன்னாலும் சொல்லுன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? விலை பெரிசில்ல தோன்யா, அவனைக் கம்மியாவே தர்றேன், கூட ஒரு பொடியன் இருக்கான், அவனையும் எடுத்துக்கங்கன்னான். அந்தப் பொடியனை நான் பார்த்ததுகூட இல்லப்பா. உனக்காக அவனையும் சேத்துக்கிட்டேன்.”

ஒரு வாடிக்கையாளர் குழாய் வாஷர் கேட்டு வந்து, மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, தானாகவே ஆணி இருக்கும் பக்கம் நகர்ந்துபோனார்.

“ஒன்பது வருஷமா குறைச்ச சம்பளம்!” சுல்மா பேனாவைத் திறந்தாள். “அவனை நான் கோர்ட்டுல ஏத்தி...”

அபிமாயேல் அவள் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினான். அவனுக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது, வரவில்லை. ஒன்பது வருஷமாக ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த ‘கொசுறு’ என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்று, ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் திரும்பிப் போயிற்று. குவாயாமா ஆட்டத்தை அவன் நினைவுபடுத்திப் பார்த்தான். அந்தப் பந்தின் ஞாபகம் அவனுக்கு இல்லை. அன்றைக்கு அந்த மாதிரி நிறையப் பந்து எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றை மட்டும் தனியாக எப்படி ஞாபகம் வைப்பது? அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு நாற்காலியில் இந்த அம்மாள் உட்கார்ந்து அவனைப் பார்த்திருக்கிறாள்.

“என் பேரைச் சொல்லியா கேட்டீங்க?”

“பின்ன? உன் அப்பா பேரைச் சொல்லியா கேப்பாங்க?”

“சரி தோன்யா.” அவன் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். அது இறங்கவில்லை. “இப்போ?”

தோன்யா சுல்மாவைப் பார்க்கவில்லை. கல்லாமேல் கிடந்த காகிதத்தையும் பார்க்கவில்லை. குச்சியை டப்பாவின் விளிம்பில் வழித்து ஓரமாக வைத்தாள்.

“இப்போ வேண்டாம்பா. உன் முழங்கால் ரெண்டும் போயிடுச்சு. மூணு வருஷமாவே வேண்டாம்தான். ஃபெலிபெர்த்தி மனசு கோணக் கூடாதுன்னு உன்னை வச்சிருந்தேன்.”