பதினேழு மிஸ்ட் கோல்

கிட்ட வந்து இருங்கோ பிள்ளையள், ஃபேனடியில இன்னும் இடமிருக்கு. ரெண்டு சகோதரிகள் மிஸ்ட் கோல் குடுத்த கதை சொல்லப்போறன்.

அக்கா ஐறீன் வெள்ளவத்தையில். தங்கச்சி டோரின் கொட்டாஞ்சேனையில். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஐறீனின் மகளுடைய கலியாணப் படத்தில் டோரினைப் பின்வரிசையில் நிற்கவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பதினொரு வருஷம் பேச்சில்லை.

ஆனால் யுத்தக் காலமல்லவா. கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் டோரின் அக்காவுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பாள். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். ஐறீனும் ஒன்று திருப்பிக் கொடுப்பாள். போனை எடுப்பதில்லை, எடுத்தால் கதைக்க வேண்டி வருமே. ஐறீன் மூத்தவள், அதனால் முதலில் அடிக்கவும் மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குள் குண்டு. டோரின் அடித்தாள். பதிலில்லை. பதினேழு தரம் அடித்துவிட்டு, சீலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

செக்பொயின்டில் ஆமிக்காரன் எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

"அக்காகே கெதர," என்றாள். அக்கா வீட்டுக்கு. பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை ஆமிக்காரனிடம்தான் சொன்னாள்.

ஐறீன் கேற்றடியில் நின்றாள். செருப்பு, குடை, ஹான்ட்பேக்.

"நீ அடிக்கேல்லை!"

"பதினேழு தரம் அடிச்சனான்! நீங்கள் எங்க வெளிக்கிட்டியள்?"

"உன்ர பிரேதம் பாக்க."

டோரின் அக்காவின் ஹான்ட்பேக்கைத் திறந்து போனை எடுத்தாள். காலைப் பூசைக்குச் சத்தத்தை நிப்பாட்டிய ஐறீன், திரும்பப் போடவில்லை. பதினேழும் அதில் இருந்தன.

"எடுத்துப் பாத்திருக்கலாமே, அக்கா."

"பாத்து, ஒண்டும் இல்லாட்டி?"

உள்ளே போனார்கள். ஐறீன் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டாள்.

"எனக்குச் சீனி வருத்தம்."

"எப்ப தொடக்கம்?"

"ஆறு வருஷம்."

"ஒருத்தரும் சொல்லேல்லையே."

"மிஸ்ட் கோலில அதெல்லாம் சொல்லேலாது."

ஐறீன் அந்தக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தங்கச்சிக்கு வேறொன்று ஊற்றினாள்.

உங்கட வீடு நிறைஞ்சிருக்கட்டும் பிள்ளையள். போன் அடிக்கிற நேரமெல்லாம் எடுக்கிறதுக்கு ஆள் இருக்கட்டும், வாற சேதி சுகச் சேதியாய் இருக்கட்டும்.