மைனாவின் பக்கத்து இடம்

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் என் தையல் கடைக்கு வந்து யாராவது நலம் விசாரித்தால் எனக்குக் கோபம்தான் வரும். தலைக்கு மேல் சீருடை குவிந்து கிடக்கும். லீவு முழுக்கச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி நேரத்தில் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாக்களைத் திட்டிக்கொண்டே அளவெடுப்பேன். அவர்களும் "சரிக்கா, நாளைக்குக் கிடைச்சிடுமில்ல?" என்று சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடையில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் அக்கா தங்கைகள் மூன்று பேர். நான் மூத்தவள். நடுவுள்ளவளுக்கு ஒரே மகள். வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு நான் வைத்த பெயர் மைனா. ரத்தத்தில் நோய் வந்து, போன வருஷம் முழுக்க அவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. முடியெல்லாம் கொட்டி, மறுபடி முளைத்து, ஒருவழியாகத் தேறினாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. ஆனா எதிர்ப்பு சக்தி இன்னும் முழுசாத் திரும்பல. மத்த பிள்ளைங்களுக்கு வர்ற சாதாரணக் காய்ச்சல் இவளுக்குச் சாதாரணம் இல்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மைனாவின் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் தைக்கிறேன். அதனால் நடுவுள்ளவள் என் மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும் கெஞ்சினாள்.

"உங்க பிள்ளைக்குக் காய்ச்சல், சளின்னா அன்னைக்கு மட்டும் அனுப்பாதீங்க. எம்பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சுன்னா தாங்க மாட்டா."

"கண்டிப்பா" என்றார்கள் எல்லாரும். சிலர் கண்கூடக் கலங்கினார்கள். நல்லவர்கள்தான். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம், "அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காராதே, ஏதாவது ஆச்சுன்னா பழி நம்ம மேல வரும்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மைனாவின் பாவாடைக்கு அடியில் அகலமாக மடித்துத் தைத்திருந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன பெரியம்மா, பாவாடைக்குள்ள இன்னொரு பாவாடையா?" என்றாள்.

"நீ வளர வளரப் பிரிச்சு விடுவேன்."

"காலேஜ் போறவரைக்கும் வருமா?"

"வரும். வாயை மூடு, குண்டூசி குத்திடப் போகுது."

முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெஞ்சில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். நடுவுள்ளவளோ, "அதுவும் நல்லதுதான், பத்திரமா இருப்பா" என்றாள். எனக்குச் சுரீரென்றது. "பத்திரமா இருக்கணும்னா வீட்டுலயே பூட்டி வெச்சுக்க வேண்டியதுதானே, எதுக்குடி பள்ளிக்கூடம்?" என்று கத்திவிட்டேன்.

அந்த இடத்தை நிரப்பியவன் குண்டு, சின்னவளின் மகன். அதே வகுப்புதான், வேறு வரிசை. யாரையும் கேட்காமல் பையை இழுத்துக்கொண்டு வந்து மைனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று நடுவுள்ளவளும் விட்டுவிட்டாள். ஊரிலிருக்கும் அம்மாக்களிடமெல்லாம் கெஞ்சியவள், கூடப்பிறந்தவளிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சொந்தத் தங்கைக்கு இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மைனாவின் வாய் மறுபடி திறந்தது. கடையில் வந்து உட்கார்ந்தால் என் காதில் ரத்தம் வராத குறைதான். குண்டு எப்படிக் கொட்டாவி விட்டான், மிஸ் அவனை எப்படி முறைத்தார் என்று நடித்தே காட்டுவாள்.

சின்னவளுக்கு ஒரு தொழிற்சாலையில் பொருட்களைப் பெட்டியில் அடைக்கிற வேலை. இன்னொரு லீவு எடுத்தால் வேலைக்கே வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தான். ஒரு நாள் காலையில் குண்டுவுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நெற்றியில் கருவியை வைத்துச் சூடு பார்ப்பார்கள். ஒரு மூடி காய்ச்சல் மருந்தை ஊற்றி அனுப்பினாள். எத்தனையோ அம்மாக்கள் செய்கிறதுதான். வாசலைத் தாண்டிவிட்டான். மதியத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது.

மறுநாளே அவன் குதித்து விளையாடினான். அந்த வாரக் கடைசியில் மைனாவுக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சின்னவள் ஓடிவந்து, நடந்ததைத் தானே சொல்லி அழுதாள். நடுவுள்ளவள் "வெளியே போ" என்றாள். அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் நான் பேசினேன். எனக்கு நாக்கு நீளம். வராந்தாவில் போவோர் வருவோரெல்லாம் நின்று பார்க்கிற அளவுக்குப் பேசினேன்.

அது மைனாவின் காதில் விழுந்திருக்கிறது. அவள் அம்மா மருந்து வாங்கப் போயிருந்த நேரம், முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, "சித்தியைத் திட்டாதீங்க பெரியம்மா" என்றாள்.

"நீ பேசாம படு."

"அவன் கை சூடா இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா மிஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானேடி?"

"சொன்னா அவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் அவனையும் எம்பக்கத்துல உக்கார விட மாட்டாங்க." மூச்சு வாங்கினாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மைனா வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தப் பாவாடையின் மடிப்பை நான் பிரிக்கவே இல்லை.

அவள் சொன்னதைச் சின்னவளிடம் சொன்னால் அவள் மனபாரத்தில் பாதி இறங்கும். ஆனால் நடுவுள்ளவளின் காதுக்கு அது எட்டினால், பிள்ளைகளை மகளிடமிருந்து தள்ளிவைத்தது தன்னுடைய கெஞ்சல்தான், அந்தத் தனிமைக்குப் பயந்தே மகள் சூட்டை மறைத்தாள் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதைத் தாங்க மாட்டாள். அதனால் சொல்லாமல் இருக்கிறேன். வாயை அடக்கத் தெரியாதவள் என்று பெயரெடுத்த எனக்கு இது பெரிய தண்டனை.

நடுவுள்ளவள் இப்போதும் கடைக்கு வருகிறாள். பட்டன் தைத்துத் தருகிறாள். சின்னவள் இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை.

நேற்றுக் காலை பட்டன் அறுந்த சட்டையோடு குண்டு தனியாக வந்து நின்றான். பெரியம்மாக்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டான்.

"மைனா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

நடுவுள்ளவளின் கையில் ஊசி நின்றது.

"நீ பக்கத்துல உக்காந்தது அவளுக்குப் பிடிச்சிருந்துச்சுடா" என்றேன். பொய் இல்லை.

நடுவுள்ளவள் அவனைக் கிட்டே இழுத்து, போட்டிருந்த சட்டையிலேயே பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு அவன் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சூடு இல்ல" என்றாள். "போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."