இரண்டும் இடது

அஞ்சேழுவுக்கு இடது கால் ஐந்தாம் நம்பர், வலது கால் ஏழாம் நம்பர். பிறவியிலேயே அப்படி. பள்ளியில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் வீட்டுக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமானதும் கணவனும் அதையே பிடித்துக்கொண்டான். அவளுக்கும் கோபம் வரவில்லை. பெயரில் பொய் இல்லையே.

செருப்பு வாங்க வேண்டுமென்றால் அவள் இரண்டு ஜோடி வாங்குவாள். மிஞ்சுகிற இரண்டு ஒற்றைகள் அலமாரியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். ஒருநாள் அலமாரி தாங்காது என்ற நிலை வந்தபோது, "இடது ஏழு, வலது ஐந்து, புதுசு, யாருக்காவது வேண்டுமா?" என்று படத்தோடு இணையத்தில் போட்டாள். ஒருவராவது கேட்பாரா என்று நினைத்தாள். பதினோரு பேர் கேட்டார்கள். அதில் நான்கு பேர், "இது இல்லை, என் அளவு கிடைக்குமா?" என்று தங்கள் கால்களின் கதையையே எழுதியிருந்தார்கள்.

கடை தொடங்கியது இப்படித்தான். மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டின் பின்னறைதான் கிடங்கு. மொத்த வியாபாரியிடமிருந்து ஜோடியாக வரும் பெட்டிகளைப் பிரித்து, இடதுகளை ஜன்னல் பக்கமும் வலதுகளைக் கதவுப் பக்கமும் அடுக்கினாள். வாங்குபவர்கள் காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் அனுப்புவார்கள். அவள் பார்த்து நம்பர் சொல்லுவாள். எல்லாம் ஃபோனில்தான்.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஆட்கள் கூடிப்போனார்கள். ஒரு திங்கட்கிழமை, இடது எட்டும் வலது ஆறும் கேட்ட கணக்கு டீச்சருக்கு, இடது ஆறும் வலது எட்டும் போய்விட்டது. டீச்சர் திட்டவில்லை. "முயற்சி செய்து பார்த்தேன். கால்களை இடம் மாற்றிக்கொள்ள முடியவில்லை" என்று ஒரே வரி அனுப்பினார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

"இனிமே ஃபோன்ல ஆகாது. ஒழுங்கா ஒரு ஆன்லைன் கடை போடணும்" என்றாள் கணவனிடம்.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "தம்பியைக் கூப்பிடு" என்றான்.

கணினி என்றால் அந்தக் குடும்பத்தில் கொழுந்தன்தான். அச்சகத்தில் நோட்டீஸ் வடிவமைக்கிறவன். பிரிண்டர் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், டிவியில் படம் வராவிட்டாலும் அவனைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான்.

"அண்ணி, மூணு வழி இருக்கு. ஒண்ணு, மாசாமாசம் சந்தா கட்டுற தளம். வாடகை வீடு மாதிரி, எல்லாத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க. ரெண்டாவது, மென்பொருள் இலவசம், ஆனா நாமளே இடம் பிடிச்சு நாமளே கட்டிக்கணும். மூணாவது, பெரிய சந்தைத் தளம். அங்க ஆயிரம் கடையில நம்ம கடையும் ஒண்ணு."

"வாடகை வீட்ல ஆணி அடிக்க விடுவாங்களா?"

"எதுக்கு அண்ணி ஆணி?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன்பா. இடதுக்கு ஒரு நம்பர், வலதுக்கு ஒரு நம்பர்னு தனித்தனியா எடுக்க விடுவாங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்குன்னு பிளக்-இன் ஏதாவது இருக்கும்."

"அப்படின்னா?"

"சொருகறது."

"எங்க சொருகறது?"

"தளத்துல."

அவள் தலையாட்டினாள். புரியாவிட்டால் தலையாட்டுவது அவள் பழக்கம். அன்று மதியத்துக்குள் கழுத்தே வலித்துவிட்டது.

முதலில் சந்தா தளம். பதினான்கு நாள் சும்மா போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது; வெள்ளைத் தரை, பெரிய படங்கள், ஒரு பொத்தானை அழுத்தினால் கடை திறந்துவிடும். கொழுந்தன் ஒரு கறுப்புச் செருப்பை ஏற்றினான். இடதில் மூன்று முதல் பதினொன்று வரை ஒன்பது அளவு, வலதிலும் ஒன்பது, நிறம் மூன்று. எல்லாச் சேர்க்கையும் போட்டால் இருநூற்று நாற்பத்து மூன்று வகை. நூறுக்கு மேல் ஏற்றாது என்று தளம் நின்றுவிட்டது. உதவிக்கு என்று ஒரு மூலையில் அரட்டைப் பெட்டி இருந்தது. அஞ்சேழு தன் பிரச்சினையைப் பொறுமையாகத் தட்டச்சு செய்தாள். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "உங்கள் காலணிகளை ஜோடியாக விற்றால் இந்தச் சிக்கல் வராது."

"ஜோடியா விக்கறதுன்னா நான் எதுக்கு?" என்று எழுதினாள். அழித்தாள். "நன்றி" என்று அனுப்பினாள்.

அடுத்தது சந்தைத் தளம். அங்கே படம் ஏற்றி ஒரு மணி நேரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. படத்தில் உள்ள இரண்டு காலணிகளும் ஒரே அளவில் இல்லை, சரியான ஜோடியின் படத்தை ஏற்றவும் என்றிருந்தது. அதுதான் தன் கடை என்று விளக்கி மறுபடியும் அனுப்பினாள். அதே கடிதம், அதே சொற்களில், இம்முறை இரண்டே நிமிடத்தில் வந்தது.

"மனுஷங்க படிக்கலைபோல" என்றான் கொழுந்தன்.

"படிச்சா மட்டும்?" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க அவள் தானாகவே தேடினாள். எந்தத் தளம் நல்லது என்று சொல்ல உலகத்தில் இவ்வளவு பேர் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஒருவர் சந்தா தளம்தான் தெய்வம் என்றார். இன்னொருவர் அதே தளத்தில் போய் மாட்டிக்கொண்டதைச் சொல்லி அழாத குறை. சொந்தமாகக் கட்டினால்தான் சுதந்திரம் என்றது ஒரு வீடியோ. சொந்தமாகக் கட்டினால் இராப்பகலாக அதைக் காவல் காக்க வேண்டும் என்றது அடுத்தது. இரண்டிலும் பேசியது ஒரே ஆள். தேதியைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம்தான். அவனுக்கு என்ன ஆனதோ என்று கொஞ்சம் கவலைகூடப் பட்டாள்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, நல்லது கெட்டது என்று எழுதத் தொடங்கினாள். எழுத எழுத, நல்லது பக்கம் இருந்தவை கெட்டது பக்கமும் வந்தன. எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது நல்லதா, கெட்டதா? தாளைக் கசக்கினாள். பெட்டி கட்டும்போது கையிலிருப்பது இடதா வலதா என்று மறந்துபோய், தன் காலில் மாட்டிப் பார்த்தாள்.

"எந்த லிஃப்ட் நல்லதுன்னு யாராவது கேட்டா, எத்தனை மாடின்னுதான் நான் முதல்ல கேப்பேன்" என்றான் கணவன், கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

"எனக்கு எத்தனை மாடின்னே தெரியலைங்க. அதான் பிரச்சினை."

அவன் அடுப்பில் டீ வைத்தான்.

அடுத்த ஞாயிறு கொழுந்தன் இரண்டாவது வழியைக் கையில் எடுத்தான். இலவச மென்பொருளை நிறுவினான். பிளக்-இன் ஒன்றைச் சொருகினான். கடை முழுவதும் வெள்ளையாகிவிட்டது, ஒரு எழுத்துகூட இல்லை. எடுத்தான், திரும்பி வந்தது. வேறொன்றைச் சொருகினான், இடது வலது இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது, ஆனால் விற்றாலும் இருப்பு குறையவில்லை. கடைசியில் அலுத்துப்போய் ஒரு காரியம் செய்தான். ஒவ்வொரு ஒற்றையையும் தனிப் பொருளாக ஏற்றிவிட்டான். இடது ஐந்து ஒரு பொருள். வலது ஏழு இன்னொரு பொருள். வேண்டியதைக் கூடையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"பிளக்-இன்னே வேண்டாம் அண்ணி. இருப்பும் சரியாக் குறையுது. பணம் கட்டுற வசதி மட்டும் இன்னும் இணைக்கலை. தெரிஞ்சவங்க சும்மா பார்த்துட்டுச் சொல்லட்டும்னு முகவரியை உங்க ஃபோன் ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கேன்."

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் மணி அடித்தாற்போல் ஒரு சத்தம் போட்டது. முதல் ஆர்டர். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தாள். பழுப்பு நிறம், இடது எட்டு, ஒன்று. பழுப்பு நிறம், இடது எட்டு, ஒன்று.

இரண்டும் இடது.

கொழுந்தனுக்குச் சொன்னாள். அச்சகத்தில் இயந்திரம் ஓடும் இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான். "பயந்தது நடந்துடுச்சு அண்ணி! ஆளுக்குக் குழப்பம். வலதுன்னு நினைச்சு இடதை ரெண்டு தடவை அழுத்திட்டாரு. நான் சாயங்காலமே அடைச்சுடறேன். ஒரு இடது போட்டா ஒரு வலது போட்டாத்தான் மேல போக விடும்."

அவளுக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் டீச்சரின் ஒற்றை வரி ஞாபகம் வந்தது. மாலையில், ஆர்டரோடு இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தவர் ஒரு தையல்காரர். பின்னால் மெஷின் ஓடி நின்றது.

"அண்ணே, செருப்புக் கடையிலேர்ந்து பேசறேன். நீங்க ரெண்டும் இடதாப் போட்டுட்டீங்க. வலது என்ன நம்பர்னு சொன்னீங்கன்னா நானே மாத்திடுவேன்."

"மாத்த வேண்டாம்மா. சரியாத்தான் போட்டேன்."

"ரெண்டுமே இடதுண்ணே."

"எனக்குக் கால் ஒண்ணுதாம்மா. இடது மட்டும்தான். ஒண்ணு போட்டுக்க, ஒண்ணு மாத்திக்க." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "எங்க போனாலும் ஜோடியாத்தான் தராங்க. வலதை வாங்கி வாங்கி வீட்ல பத்தொன்பது கிடக்கு. தூக்கிப் போடவும் மனசு வரலை. தெரிஞ்சவங்க ஒருத்தர் உங்க கடை முகவரியை அனுப்பினாங்க, அதுலதான் ஒத்தை ஒத்தையா இருந்துச்சு. ஏதோ தப்பா இருக்கும், சீக்கிரம் சரி பண்ணிடுவாங்க, அதுக்குள்ள வாங்கிடணும்னு அவசரமாப் போட்டேன்."

"ஆமாண்ணே" என்றாள். எதற்கு ஆமாம் என்று அவளுக்கே தெரியவில்லை. "நாளைக்கே அனுப்பிடறேன். பணம் செருப்பு வந்ததும் கொடுத்தாப் போதும்."

ஃபோனை வைத்ததும் பின்னறைக்குப் போய், ஜன்னல் பக்கத்து அடுக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இரண்டு வருடமாகக் கடை நடத்துகிறாள். ஒற்றையாக விற்கலாம் என்பது அவளுக்கே ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எல்லாரும் இரண்டு காலோடு வருவார்கள் என்றுதானே நினைத்திருந்தாள். அந்த அரட்டைப் பெட்டிக்காரனுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றியபோது முகம் சூடானது.

ஏழு மணிக்குக் கொழுந்தன் பெருமையோடு வந்தான். "அடைச்சாச்சு அண்ணி. இனிமே ஒருத்தரும் தப்பா வாங்க முடியாது."

"திறந்துடுப்பா."

"என்ன?"

அவள் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு மடிக்கணினியை மறுபடியும் திறந்தான். "சரி. ஆனா நிஜமாவே குழம்பிப்போய் ரெண்டு இடது வாங்கறவங்க? பத்துப் பேர்ல மூணு பேராவது அப்படி வாங்குவாங்க."

"அடைக்காதே. கேளு."

"எப்படி?"

"'ரெண்டும் இடது, சரிதானா?'ன்னு ஒரு வார்த்தை. ஆமான்னா விட்டுடு."

"அதை எழுதணும்னா சந்தா தளத்துல விடமாட்டாங்க. சந்தையில கேக்கவே வேண்டாம்." அவன் விரலை மடக்கினான். "இதுலதான் முடியும்."

"அப்போ இதுதான்."

"முடிவா? அப்டேட், பாதுகாப்பு எல்லாம் நாமதான் பார்க்கணும். நாளைக்குத் திடீர்னு வெள்ளையா நின்னா என்னைத் திட்டக் கூடாது."

"திட்டுவேன்" என்றாள். "ஆனாலும் இதுதான்."

மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். பணம் கட்டும் வசதி வந்தது. பாதம் வரைந்த படத்தை ஏற்ற ஓர் இடம் வந்தது. கடை இரண்டு தடவை வெள்ளையானது. அவள் இரண்டு தடவையும் திட்டினாள். சரியான தளம்தானா என்று யாராவது கேட்டால் அவளால் இப்போதும் சொல்ல முடியாது. அந்த வீடியோ ஆள் நான்காவதாக ஒரு தளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

கடை முறையாகத் திறந்த அன்று ஒன்பது ஆர்டர் வந்தது. ஐந்து பேர் வெவ்வேறு அளவு. இரண்டு பேர் ஒரே ஒரு வலது மட்டும். ஒருவர் சாதாரண ஜோடி. எதற்கு இங்கே வந்தார் என்று தெரியவில்லை. ஒன்பதாவது ஆள் மூன்று வலது கேட்டிருந்தார். 'சரிதானா?' என்று கடை கேட்டதற்கு 'ஆமாம்' என்று அழுத்தியிருந்தார். அஞ்சேழு கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு மூன்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

மதியம் தையல்காரர் கூப்பிட்டார்.

"ஒண்ணு கச்சிதமா இருக்கும்மா. இன்னொண்ணை இன்னைக்குத்தான் எடுத்துப் போட்டேன், விரல்கிட்ட கொஞ்சம் பிடிக்குது. ரெண்டும் எட்டுதானே?"

"எட்டுதாண்ணே. வேற லாட்டா இருக்கும். திருப்பி அனுப்புங்க, மாத்தித் தரேன்."

"அனுப்பத்தான் பார்த்தேன். 'ஜோடியைத் திருப்பி அனுப்பக் காரணம் என்ன?'ன்னு கேக்குது. எதை எழுதறதுன்னு தெரியலை."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். திருப்பி அனுப்பும் பக்கத்தை அவர்கள் யாரும் பார்க்கவே இல்லை.

"எழுதாதீங்கண்ணே. அப்படியே விட்டுடுங்க" என்றாள் சிரித்தபடி. "நான் தம்பியைக் கூப்பிடறேன்."