கை வெளியே

பிரஸ் மெஷினில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஒருவர் தகட்டை அச்சுக்குள் வைப்பார், மற்றவர் பெடலை மிதிப்பார். மிதிக்கும் முன் "கை வெளியேவா?" என்று கேட்க வேண்டும். "வெளியே" என்று பதில் வந்தால்தான் மிதிக்கலாம். என் அண்ணன் தகடு வைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தன் கேட்காமல் மிதித்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பட்டறையில் அண்ணனுக்கு 'முக்காக் கை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே அவன்தான். அடுத்தவன் வைப்பதற்குள் நாமே வைத்துக்கொண்டால் உறைக்காது என்பான்.

அதற்கப்புறம் தொழிலாளர் சங்க ஆபீசில் உட்கார்ந்தான். கீழே லேத் ஓடும், மேலே எங்கள் அறையில் மேசை நடுங்கும். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. தலைவருக்கு அது சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி, ஒட்டினதோடு மறந்துவிடுவார். அதைக் காப்பாற்றியது நாங்கள் இரண்டு பேர். நான் கம்பெனியின் பேக்கிங்கில் பெட்டி கட்டுகிறவள். வார லீவில் இங்கே வந்துதான் கம்ப்யூட்டர் படித்தேன்.

அந்தத் தளத்தில் உருப்படியானது விபத்துப் பக்கங்கள்தான். கை போனவன், கண் போனவள், நுரையீரல் கெட்டவன் எல்லாரும் நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லியிருப்பார்கள், படத்தோடு. முதல் பக்கம் அண்ணனுடையது. கம்பெனிக்கு அந்தப் பக்கங்கள் கண்ணில் விழுந்த தூசு.

மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தட்டி அப்டேட் செய்தால் எங்கள் சர்வர் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் செய்வோம். அண்ணனுக்கு இடது கையால் மெதுவாகத்தான் தட்ட வரும். வீட்டில் உட்கார்ந்து கட்டளைகளையெல்லாம் ஒரே ஸ்கிரிப்டாக எழுதி சர்வரில் ஏற்றிவைப்பான். பேக்கப் எடுப்பதும் அவன் வேலை. ஓட்டுவது நான். எண்டர் தட்டுமுன் "கை வெளியேவா?" என்று கேட்பேன். "வெளியே" என்பான். பேக்கப் எடுத்தாயிற்று, தளத்துக்குள் யாரும் எழுதிக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். விளையாட்டாக ஆரம்பித்தது, சட்டமாகிவிட்டது. அவன் ஸ்கிரிப்டை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பெடல் மிதிக்கிறவள் குனிந்து அச்சுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் பாலிஷ் பிரிவில் வேலை செய்யும் பாலிஷ் அக்கா வருவதாக இருந்தது. அவள் புருஷன் கிரைண்டிங்கில் தூசி தின்றே செத்தவர். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இந்த அறையில் உட்கார்ந்து, இருமி இருமிப் பேசினார். அண்ணன்தான் பதிவு செய்து பக்கத்தில் போட்டான். அக்காவிடம் இருந்த காப்பி செல்போன் கெட்டதோடு போய்விட்டது. மறுநாள் நஷ்ட ஈட்டு வழக்கு. அந்தக் குரலைப் பென் டிரைவில் கொண்டு வரச் சொல்லியிருந்தார் வக்கீல்.

அதை முதலில் எடுத்து வைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. தளத்தில் மாட்டியிருக்கும் பழைய பிளகினில் ஓட்டை இருக்கிறதாம், எவனாவது உள்ளே பூந்துவிட்டால் எல்லாமே போய்விடுமாம். முதலில் அப்டேட், பிறகு மற்றதெல்லாம் என்றான்.

"கை வெளியேவா?" என்றேன்.

"வெளியே."

எண்டர் தட்டினேன். வரிகள் ஓடின. 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பலகை தளத்தின் மேல் விழுந்தது, பிளகின்கள் மாறின, டேட்டாபேஸ் புதுசானது, பலகை எழுந்தது. எல்லாம் பச்சை. அப்டேட் முடிந்ததும் விபத்துப் பக்கங்களைத்தான் முதலில் திறப்பேன், படம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க. பக்கம் இல்லை என்றது திரை.

முகவரிதான் குழம்பியிருக்கும் என்று அதைச் சரிசெய்யும் கட்டளையை அடித்தேன். இல்லை. அந்தப் பிரிவில் எத்தனை பதிவு என்று கேட்டேன். பூஜ்யம். குப்பைக் கூடையும் காலி. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று அந்த ஃபோல்டரைத் திறந்தேன். அது கழுவிக் கவிழ்த்த சட்டிபோல இருந்தது.

பேக்கப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கம்பியில் உரிந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஸ்கிரிப்டைத் திறந்தேன். பிளகினுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இரண்டு வரி. விபத்துப் பிரிவு முழுவதையும் அழி, படத்தையும் குரலையும் சேர்த்து, கூடைக்குப் போகாமல், கேள்வி கேட்காமல்.

"சர்வர வாடகைக்குக் குடுத்த ஹோஸ்டிங்காரன்கிட்ட ஒரு காப்பி இருக்குமேண்ணே?"

"அங்கயும் அழிக்கச் சொல்லிட்டேன். தேடாத, பாப்பா." அவன் திரும்பவில்லை. "கம்பெனில என்னை ஸ்டோர்ஸ்ல சூப்பர்வைசரா போடறாங்க. உக்காந்து பாக்கற வேலை. இந்தக் கைய வெச்சுகிட்டு வேற எவன் குடுப்பான் எனக்கு?"

"உன் பக்கமும் போச்சே."

"அதத்தான் மொதல்ல கேட்டாங்க."

"நீயே தட்டியிருக்கலாம்ல?"

கீழே லேத் நின்றது. யாரோ வேறு இரும்புத் துண்டை மாட்டினார்கள், மறுபடியும் ஓடியது.

"தட்டலாம்னு உக்காந்து பாத்தேன். முடியல."

பிறகு என் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னான். "அக்கா வந்தா அப்டேட்டுல போயிடுச்சுன்னு சொல்லிடு. கம்ப்யூட்டர்னா அப்படித்தான்னு விட்டுருவாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

விரல் போன நாளிலிருந்து அந்தப் பெடல்காரனை அண்ணன் மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கை எனக்கு இருந்திருக்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் தட்டினேன். என் கையை உள்ளே வைத்துவிட்டு "வெளியே" என்றான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாலிஷ் அக்கா பென் டிரைவைக் கைக்குட்டை மூலையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, வேலை முடிந்ததா கண்ணு என்று கேட்டாள். அண்ணன் என் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் பேசினது இனிமே இல்ல. அழிச்சாச்சு. கட்டளைய எழுதினது அண்ணன். என்னன்னு பாக்காம ஓட்டினது நான். நாளைக்கு நானும் கோர்ட்டுக்கு வர்றேன், இத அங்க சொல்றேன்."

அக்கா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தாள், அப்புறம் அண்ணனை.

"அவரு மூச்சு முட்டிப் பேசறப்ப நீதானே தம்பி தண்ணி குடுத்த?"

அண்ணன் படியிறங்கிப் போனான். கைப்பிடியைப் பிடிக்காமல் போனான்.

அந்த ஸ்கிரிப்டைப் பென் டிரைவில் காப்பி செய்து அக்காவிடம் கொடுத்தேன். குரலுக்கு ஈடாகாது, ஆனால் குரல் எப்படிப் போனது என்று சொல்லும். அவள் அதே கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

அவள் போன பிறகு, சர்வரிலிருந்து அண்ணனின் அனுமதியை நீக்கக் கட்டளை அடித்தேன். எண்டருக்கு முன்னால் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன். கேட்காமல் தட்டினேன்.