எர்ணாவூர் கேட்டில் எடுத்த ரோல்

தங்கப்பாண்டியின் மண்டை பிளந்தபோது அவரை அடிக்க அங்கே யாரும் இல்லை. திருவொற்றியூரில் தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து காது வரை சைக்கிள் செயினின் தடம் கண்ணி கண்ணியாகப் பதிந்திருந்தது. தெருவே பார்த்தது, செயினைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் விம்கோ நகரில் ஆன்றோ என்பவர் கேரம் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய முழங்கை பைப்பால் அடித்ததுபோல உடைந்து, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு போர்டின் மேல் வந்து நின்றது. செல்வம் என்பவருக்குப் பஸ்ஸில் நின்றபடியே விலா நொறுங்கியது. ரத்தம் கக்கியதில் முன்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை பாழானது. போலீசார் வந்து, கையில்லாத அடியை எந்த செக்‌ஷனில் எழுதுவதென்று தெரியாமல், மூன்று பேருமே வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயங்களில் ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரூத், சொக்கம்மாளுக்காக ஒரு போட்டோ தேடிக்கொண்டிருந்தாள். சொக்கம்மாள் வியாசர்பாடிக்காரி. அவள் புருஷன் வரதன் தொண்ணூற்றெட்டில் எர்ணாவூர் கம்பெனி ஒன்றின் கேட்டில் நடந்த ஸ்ட்ரைக்கில், முதலாளி ஏவிய ஆட்களால் அடித்துக் கொல்லப்பட்டவர். தலைமை தாங்கி அடித்தவர் தங்கப்பாண்டி; ஆன்றோவும் செல்வமும் கூடச் சேர்ந்து அடித்தவர்கள். செயினும் பைப்பும் உயிரை எடுக்கவில்லை, பிடரியில் விழுந்த கல்தான் எடுத்தது என்று டாக்டர் சொன்னார். கல்லைப் போட்டது யாரென்று தெரியாமலே கேஸ் முடிந்துபோனது. வீட்டில் இருந்த வரதனின் படங்களைப் பெருவெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஸ்ட்ரைக்கைப் படம் எடுத்தவர் ரூத்தின் அப்பா, ஸ்டுடியோ அருள்பிரகாசம் என்று கேள்விப்பட்டுத்தான் சொக்கம்மாள் வந்தாள். அருள்பிரகாசம் இறந்து பல வருஷமாகியிருந்தது. ஸ்ட்ரைக் ரோலின் நெகட்டிவ்கள் துண்டு துண்டாகப் பிஸ்கட் டின்னில் இருந்தன.

மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் ரூத்திடம் இருந்தது. நெகட்டிவ் துண்டைக் கண்ணாடிமேல் கிடத்தி, சுருளாமல் இருக்க மேலே ஒரு சன்னமான கண்ணாடியை வைத்து ஓட்டினால் எல்லாக் கட்டங்களும் ஒரே தாளில் சின்னச் சின்னப் படங்களாக வந்துவிடும். அதைக் காண்டாக்ட் ஷீட் என்பார்கள். வேண்டிய முகத்தை அதில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருப்பதைக் கம்ப்யூட்டர் திருப்பிப் போட்டுவிடும். இந்த ரோலில் அது அடியையும் திருப்பிப் போட்டது. முதல் துண்டை ஓட்டியபோது தங்கப்பாண்டியின் மண்டை போனது. தாளில் அவர் செயினோடு நிற்க, எதிரே மண்டியிட்டிருந்த வரதனின் நெற்றி காயமில்லாமல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

தாளையும் தெருவில் பேசிக்கொண்டதையும் சேர்த்துப் பார்த்து சொக்கம்மாள்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ரூத் மெஷினை அணைக்கப் போனாள். "அணைக்காதம்மா," என்றாள் சொக்கம்மாள். "அவர் நிமிந்து நிக்கிற வரைக்கும் போடு." இரண்டாம் துண்டைப் போடும்போது ரூத் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றாவதற்கு அதை மறந்துவிட்டாள். அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று அவள் பிற்பாடு பாதிரியாரிடம் சொன்னாள்.

மூன்று துண்டுகளுக்குப் பிறகும் வரதன் தரையில்தான் கிடந்தார். கல் இன்னும் திரும்பவில்லை. டின்னின் அடியில், வேறெதிலும் சேராமல், கறுப்புத் தாளில் சுற்றிய கடைசித் துண்டு இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததுமே, முகம் கறுப்பும் தலைமுடி வெள்ளையுமாக இருந்தபோதும், கல்லை ஓங்கி நிற்பவன் யாரென்று ரூத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டம்போட்ட சட்டையைக் கிறிஸ்துமஸுக்குத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். தம்பி நோயல், அன்றைக்குப் பத்தொன்பது வயது. அப்பா சாகும்வரை ஏன் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போது விளங்கியது. துண்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, ரோல் அவ்வளவுதான் என்று சொக்கம்மாளிடம் சொல்லிவிட்டாள். தாளில் தரையில் கிடந்த கோலத்திலேயே இருந்த புருஷனைச் சொக்கம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நோயல், ஷிப்ட் முடிந்து கடைக்குள் வந்தான். மூன்று பேருக்கும் நடந்தது அவன் காதுக்கும் எட்டியிருந்தது; தாளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இன்னும் ஒரு துண்டு கீதுக்கா," என்றான். "அப்பா என்னை எடுத்தாரு. எடுக்கும்போது நான் பாத்தேன்."

சொக்கம்மாள் எழுந்தாள். "என் வூட்டுக்காரரு உனுக்கு இன்னா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ல யக்கா. தங்கப்பாண்டி கல்ல கைல குட்த்தாரு. எல்லாரும் அட்ச்சாங்க. நானும் போட்டேன்."

அவன் ஸ்கேனர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தான். போடு என்று ரூத்தைப் பார்த்தான். ரூத் கதவைச் சாத்தினாள், திறந்தாள், அவனை வெளியே தள்ளினாள், கன்னத்தில் அறைந்தாள், செத்துப்போவேடா என்றாள். அவன் ஸ்டூலை விட்டு அசையவில்லை. கடைசியில் அவள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போடாத," என்றாள் சொக்கம்மாள். "தம்பிய அட்ச்ச கை உனுக்கு வேணாம். நான் போட்டுக்கறேன்." மூன்று தடவை பார்த்திருந்ததால் அவளுக்குச் செய்முறை தெரியும். துண்டைக் கிடத்தினாள், கண்ணாடியை வைத்தாள், மூடினாள், பட்டனை அழுத்தினாள். விளக்கு ஊர்ந்தது. பாதி தூரம் போனபோது நோயலின் பிடரியில் தேங்காய் உடைவது போலச் சத்தம் கேட்டது. அவன் முகம் மேஜையில் மோதி, பல்லும் ரத்தமும் கீபோர்டில் சிதறின. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரூத் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். கறுப்பு ரத்தம் புடவையை நனைத்து வாசற்படி வரை போனது. சொக்கம்மாள் ஓடவில்லை. பக்கத்திலேயே நின்று, பிரிண்டரிலிருந்து வந்த தாளைக் கையில் வைத்திருந்தாள். கடைசிக் கட்டத்தில் கம்பெனி கேட் இருந்தது, கொடி இருந்தது, வரதன் இல்லை.

வரதன் சாயங்காலம் வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தார். எர்ணாவூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். வயது முப்பத்துநாலு, சட்டையில் புழுதி, நல்ல பசி. கதவைத் திறந்த நரைத்த பெண்ணை மாமியார் என்று நினைத்து, சொக்கம்மா எங்கே என்று கேட்டார். நான்தான் என்றாள். அவள் இடது புருவத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, வந்துட்டியா வரதா என்று விசாரித்துவிட்டு டிவி பார்க்கப் போனார்கள். போனவை இருபத்தாறு வருஷம் என்பதை மட்டும் அவருக்கு மெல்ல மெல்லச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ராயபுரத்தில் நோயலின் அடக்கம். சர்ச் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது வரதன் வந்து, யாரிடமும் கேட்காமல், பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தார். கல்லறை வரை வேறு ஆளிடம் மாற்றிக்கொடுக்கவில்லை. மண் போட்டு முடிந்ததும் ரூத்திடம் வந்து நின்றார். அவளைவிடச் சின்னவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டார்.

"நான் திரும்பிப் பாத்தேங்கா," என்றார். "கண்ண மூடிகினுதான் போட்டான்."

ரூத் தலையாட்டினாள். வரதன் கைமண்ணைத் தட்டிக்கொண்டு, எர்ணாவூர் கம்பெனி எப்போதோ மூடிவிட்டதால் இங்கே துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார். இப்போது ஒரு இடம் காலியாக இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்றாள் ரூத்.